வாலட்டின் அடியில் தங்கிய சில்லறை

என்னிடம் இருக்கும் கிரிப்டோக்களை வரிசையாக எழுதினால், எண்ணிக்கையில் முக்கால்வாசி விற்கக்கூட முடியாத அளவுக்குச் சின்னவை. ஒரு வாலட்டில் கொஞ்சம் ஈத்தர், இன்னொன்றில் சில ஆயிரம் சடோஷி (பிட்காயினின் மிகச் சிறிய அலகு), எப்போதோ வாங்கி விற்றதில் மிஞ்சிய டோஜ்காயின் ஏழெட்டு, எதற்கு வாங்கினோம் என்றே நினைவில்லாத டோக்கன்கள் சில. வங்கிகள் கிரிப்டோ தொழிலுக்குச் சேவை தரக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையை 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்த பிறகு, கிரிப்டோ வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சுகள் மறுபடி வங்கிக் கணக்கோடு இயங்க ஆரம்பித்த சமயத்தில் உள்ளே வந்தவன் நான். பெரிய தொகை எதுவும் போடவில்லை. மிச்சங்கள் மட்டும் ஏராளமாகச் சேர்ந்துவிட்டன.

எப்படிச் சேர்கிறது என்பது இதில் இருப்பவர்களுக்குத் தெரியும். கையில் 12.4837 காயின் இருக்கும். ஆர்டர் புத்தகம் இரண்டு தசம இடம்தான் ஏற்கும். 12.48 விற்றுவிட்டு வந்தால் 0.0037 உட்கார்ந்திருக்கும். கட்டணத்தைச் சில இடங்களில் ரூபாயில் எடுக்காமல் காயினாகவே பிடிப்பார்கள். அதில் ஒரு துணுக்கு மிஞ்சும். குறைந்தபட்ச ஆர்டர் நூறு ரூபாய் என்றால் தொண்ணூற்றெட்டு ரூபாய் மதிப்பிலான காயினை ஒன்றும் செய்ய முடியாது. இதைத்தான் டஸ்ட் என்பார்கள்.

இந்த மிச்சத்தைக் கண்டுகொள்ளாமல் விடுபவர்களும் உண்டு, என்றாவது ஒரு நாள் லட்சமாகும் என்று காத்துக்கிடப்பவர்களும் உண்டு. நான் இப்போது பார்ப்பது இரண்டு விஷயம்: அதை நகர்த்த என்ன செலவாகும், சாவி, அதாவது காயினை அனுப்பத் தேவையான ரகசியக் குறியீடு, யார் கையில் இருக்கிறது. அன்றைய விலையைக் கடைசியாகத்தான் பார்ப்பேன்.

நகர்த்தும் செலவு எப்படி மாறும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது எக்ஸ்ஆர்பி என்ற காயின். அதன் பொதுக் கணக்கேடான லெட்ஜரில் புதிதாக ஒரு முகவரி உயிர்பெற வேண்டுமானால் குறிப்பிட்ட அளவு எக்ஸ்ஆர்பி அதில் கட்டாயம் இருக்க வேண்டும். ஆளாளுக்கு ஆயிரம் முகவரி திறந்து லெட்ஜரை ஊதிவிடக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. 2020 நடுவில் நான் சொந்த வாலட்டுக்கு மாற்றியபோது அந்த இருப்பு 20 எக்ஸ்ஆர்பி, அன்றைய விலையில் ஏறக்குறைய முந்நூறு ரூபாய். அப்புறம் மற்றதையெல்லாம் விற்றுவிட்டேன். இந்த இருபது மட்டும் எடுக்க முடியாமல் தங்கிவிட்டது. முகவரியையே அழித்தால் பெரும்பகுதியை மீட்கலாம், ஆனால் அழிப்பதற்கும் சில எக்ஸ்ஆர்பி எரிக்க வேண்டும். முந்நூறு ரூபாய்க்கு இத்தனை வேலை எதற்கு என்று விட்டுவிட்டேன்.

2021 செப்டம்பரில், அந்த லெட்ஜரைச் சரிபார்க்கும் வேலிடேட்டர்கள் வாக்களித்து இருப்பை 20-இலிருந்து 10-ஆகக் குறைத்தார்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் 10-இலிருந்து 1 ஆனது. அந்த வாரம் எக்ஸ்ஆர்பி விலை 2 டாலரைத் தாண்டியிருந்தது. ஒரு மாதம் முன்புதான் அரை டாலரை ஒட்டிக் கிடந்தது. பூட்டப்பட்டிருந்ததில் ஒன்பது எக்ஸ்ஆர்பி ஒரே நாளில் கைக்கு வந்தது, ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல். பெரிய பணமில்லை, சரி. ஆனால் நான் ஒன்றுமே செய்யவில்லை. வாலட்டின் சாவியைத் திரும்ப உருவாக்கும் சீட் வார்த்தைகளைப் பத்திரமாக வைத்திருந்ததோடு சரி. விதி மாறியது, விலையும் மாறியது, இரண்டும் ஒன்றாக வந்து விழுந்தன.

பிட்காயினில் கதை வேறு. வாலட் நமக்கு ஒரே தொகையாகக் காட்டினாலும், உள்ளே அது தனித்தனித் துண்டுகளாகத்தான் இருக்கும். பர்ஸில் ஐந்நூறு ரூபாய் இருக்கிறது என்று சொல்கிறோம். அது ஒரே நோட்டா, ஐம்பது பத்து ரூபாய் நாணயங்களா என்பது எடுக்கும்போதுதான் தெரியும். பிட்காயினில் எண்ணிக் கொடுப்பதற்கும் காசு. பிசி1க்யூ என்று தொடங்கும் முகவரியில் உள்ள ஒவ்வொரு துண்டும், செலவழிக்கும்போது பரிவர்த்தனையில் சுமார் 68 விபைட் (பரிவர்த்தனையின் அளவை அளக்கும் அலகு) இடம் பிடிக்கிறது. ஒரு விபைட்டுக்கு இத்தனை சடோஷி என்று கட்டணம். ஒரு பிட்காயின் பத்துக் கோடி சடோஷி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 5,000 சடோஷி கொண்ட ஒரு துண்டு இருக்கிறது. கட்டணம் விபைட்டுக்கு 100 சடோஷி என்றால் அதை எடுக்கவே 6,800 சடோஷி வேண்டும். துண்டின் மதிப்பைவிடச் செலவு அதிகம். கட்டணம் 1 சடோஷி என்றால் 68-தான். காயினும் அதே, வாலட்டும் அதே; ஒரு நாள் குப்பை, இன்னொரு நாள் காசு. 2024 ஏப்ரல் 20 அன்று ஹால்விங் (புதிதாக உருவாகும் பிட்காயின் பாதியாகக் குறையும் நிகழ்வு) நடந்தபோது, அதே பிளாக்கில், அதாவது அதே பரிவர்த்தனைத் தொகுப்பில், பிட்காயின் மேல் உருவாக்கும் ரூன்ஸ் டோக்கன்களும் தொடங்கியதால் ஆளாளுக்கு முண்டியடித்தார்கள். 840000-ஆவது பிளாக்கில் மட்டும் 37 பிட்காயினுக்கு மேல் கட்டணமாகவே வசூலானது. அன்று என் துண்டுகளைப் பார்த்தவர்கள் எல்லாம் வீண் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அடுத்த ஆண்டு, விபைட்டுக்கு ஒரு சடோஷிக்கும் கீழே போட்டும் பரிவர்த்தனை போன நாட்கள் வந்தன. 2025 செப்டம்பரில் வந்த, பிட்காயின் நெட்வொர்க்கை இயக்கும் மென்பொருளான பிட்காயின் கோரின் 29.1 பதிப்பு, முன்னிருப்பாக ஏற்கும் குறைந்தபட்சக் கட்டணத்தையே 0.1 சடோஷியாக இறக்கிவிட்டது.

நான் செய்தது இதுதான்: ஒரு ஞாயிற்றுக்கிழமை மெம்பூல் (பிளாக்கில் ஏறக் காத்திருக்கும் பரிவர்த்தனைகளின் வரிசை) காலியாகக் கிடந்தபோது, இந்தத் துண்டுகளையெல்லாம் என் சொந்த முகவரிக்கே அனுப்பி ஒரே துண்டாக்கினேன். கட்டணம் போன இடம் தெரியவில்லை. வார இறுதிகளில் நெரிசல் பொதுவாகக் குறைவு. மெம்பூலைக் காட்டும் பக்கத்தை இரண்டு மூன்று முறை எட்டிப் பார்த்தாலே போக்கு பிடிபடும். ஆனால் ஒரு விஷயம் உண்டு. தனித்தனி முகவரிகளில் இருந்த துண்டுகளை ஒரே பரிவர்த்தனையில் சேர்த்தால், அவையெல்லாம் ஒரே ஆளுடையவை என்று யார் வேண்டுமானாலும் ஊகித்துவிடலாம். யாருக்கும் தெரியக் கூடாது என்று தனியாக வைத்திருக்கும் முகவரி இருந்தால் அதை இந்தக் கூட்டத்தில் சேர்க்க வேண்டாம்.

மிச்சத்தின் உண்மையான பயன் எனக்குப் புரிந்தது ஈத்தரில்தான், அதுவும் அடுத்தவர் சிக்கலைத் தீர்க்கப் போன இடத்தில். அலுவலகத்தில் என்னைவிடச் சின்னவர் ஒருவர் மதிய உணவு நேரத்தில் போனை நீட்டினார்.

“அண்ணா, நாற்பது டாலர் இருக்குன்னு காட்டுது. அனுப்பினா மட்டும் போக மாட்டேங்குது. ஆப் கெட்டுப்போச்சா?”

மெட்டாமாஸ்க் வாலட்டில் 40 யூஎஸ்டிடி, அதாவது டாலர் மதிப்பு டோக்கன், பளிச்சென்று தெரிந்தது. அதற்கு மேலே ஈத்தர் என்ற வரியில் 0. ஆப்பில் கோளாறு எதுவுமில்லை. ஈத்தீரியம் நெட்வொர்க்கில் எந்த டோக்கனை நகர்த்தினாலும் கேஸ் கட்டணத்தை ஈத்தரில்தான் கட்ட வேண்டும். டாலர் டோக்கன் எத்தனை இருந்தாலும் அது கட்டணத்துக்கு ஆகாது. இவர் போன முறை ஈத்தரை விற்கும்போது கடைசித் துளி வரை, “மேக்ஸ்” பட்டனை அழுத்தி, வழித்து எடுத்திருந்தார்.

“அப்போ ஈத்தர் வாங்கி அனுப்பணுமா?”

“வாங்கலாம். உங்க எக்ஸ்சேஞ்ச் எவ்வளவுக்குக் குறைஞ்சு வித்டிரா பண்ண விடாது, பாருங்க.”

பார்த்தார். தேவைப்பட்டதைவிடப் பல மடங்கு. ஒரு டோக்கனை அனுப்ப ஏறக்குறைய 65,000 கேஸ் (நெட்வொர்க் செய்யும் வேலையின் அளவு) செலவாகும். அன்றைக்குக் கேஸ் விலை 15 க்வெய் (ஒரு க்வெய் என்பது ஈத்தரில் நூறு கோடியில் ஒரு பங்கு), ஆக 0.001 ஈத்தருக்கும் கொஞ்சம் கீழே. ரூபாயில் இருநூற்றைம்பதை ஒட்டி. என் வாலட்டின் அடியில் கிடந்த மிச்சத்திலிருந்து 0.0012 ஈத்தரை அவருக்கு அனுப்பினேன். வெறும் ஈத்தரை அனுப்ப 21,000 கேஸ்தான் என்பதால் எனக்கு ஆன செலவு அதில் மூன்றில் ஒரு பங்கு. அரை நிமிடத்தில் அவருடைய நாற்பது டாலர் நகர்ந்துவிட்டது. மாலை டீ அவர் செலவு.

அதிலிருந்து நான் எந்த நெட்வொர்க்கிலிருந்தும் முழுசாக வெளியேறுவதில்லை. ஈத்தீரியத்தில் கொஞ்சம் ஈத்தர், சோலானாவில் கொஞ்சம் சோல், ட்ரானில் கொஞ்சம் டிஆர்எக்ஸ், பாலிகானில் கொஞ்சம் பிஓஎல். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று பரிவர்த்தனைக்குப் போதுமான அளவு. நாளை அந்த முகவரிக்கு ஏதாவது வந்தால் எடுக்க வேண்டுமே. பெரிய தொகை அனுப்பும் முன் சின்னதாக ஒன்றை அனுப்பி, போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கவும் இந்த மிச்சம்தான் உதவும். எவ்வளவு வைப்பது என்பதைக் காலத்துக்குத் தகுந்தாற்போல் மாற்ற வேண்டும். ஈத்தீரியத்திலேயே 2025-இல் கேஸ் விலை ஒரு க்வெய்க்கும் கீழே இறங்கிய நாட்கள் பல. ஒரு க்வெய் என்றால் அதே டோக்கனை அனுப்ப 0.000065 ஈத்தர், இருபது ரூபாய் அளவில் முடிந்துவிடும். ஆர்பிட்ரம், ஆப்டிமிசம், பேஸ் போன்ற, ஈத்தீரியத்தின் மேல் இயங்கும் இரண்டாம் அடுக்கு நெட்வொர்க்குகளில், 2024 மார்ச் 13 அன்று ஈத்தீரியத்தில் நடந்த டென்குன் மேம்படுத்தலுக்குப் பிறகு கட்டணம் பைசாக் கணக்குக்கு வந்துவிட்டது. அங்கே முன்பு நகர்த்த முடியாமல் கிடந்த ஐம்பது ரூபாயை இப்போது தாராளமாக நகர்த்தலாம்.

சோலானாவில் பலருக்குத் தெரியாத மிச்சம் ஒன்று உண்டு. நீங்கள் தொட்ட ஒவ்வொரு டோக்கனுக்கும் ஒரு தனிக் கணக்கு திறக்கும், அதில் 0.00203928 சோல் வாடகை முன்பணம் மாதிரி முடங்கியிருக்கும். டோக்கன் முழுவதையும் விற்ற பிறகும் அந்தக் கணக்கு திறந்தே கிடக்கும். காலிக் கணக்கை மூடினால் முன்பணம் திரும்பி வரும். மீம் காயின்களில் கை நனைத்தவர்களிடம் இப்படி இருபது முப்பது கணக்குகள் சாதாரணமாக இருக்கும்; இருபதை மூடினால் 0.04 சோல். மூடித் தருகிறேன் என்று சொல்லும் எல்லா இணையதளத்திலும் வாலட்டை இணைக்க வேண்டாம். அந்தப் பெயரிலேயே வழித்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள்.

காலி வாலட்டுக்கும் மதிப்பு உண்டு என்பதற்கு 2020 செப்டம்பரில், டோக்கன்களை மாற்றிக்கொள்ளும் தளமான யூனிஸ்வாப் செய்ததைச் சொல்வார்கள். செப்டம்பர் 1-க்கு முன் அதைப் பயன்படுத்திய ஒவ்வொரு முகவரிக்கும் அதன் சொந்த டோக்கனான யூஎன்ஐ 400, இலவசமாக. பரிவர்த்தனை தோல்வியில் முடிந்து கட்டணம் மட்டும் இழந்த முகவரிகளுக்கும் கிடைத்தது. முகவரியில் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கொடுத்த அன்று ஆயிரம் டாலருக்கு மேல் மதிப்பு. 2021 மே மாதத்தில் ஒரு யூஎன்ஐ 40 டாலரைத் தாண்டியது. ஒன்றுமில்லை என்று சீட் வார்த்தைகளைக் கிழித்துப் போட்டவர்களுக்கு அது கிடையாது. 2017 ஆகஸ்ட் 1 அன்று பிட்காயினிலிருந்து பிட்காயின் கேஷ் பிரிந்தபோதும் சாவி வைத்திருந்தவர்களுக்கு ஒன்றுக்கு ஒன்று வந்தது. ஆனால் இதையெல்லாம் எதிர்பார்த்து இருபது வாலட்டில் சில்லறை தூவி வைப்பது வேலைக்கு ஆகாது. இப்போது ஏர்டிராப் (இப்படி இலவசமாக வழங்கும் டோக்கன்) கொடுப்பவர்கள் அப்படித் தூவுகிறவர்களைத்தான் முதலில் வடிகட்டுகிறார்கள். கெடுவும் உண்டு. ஈத்தீரியப் பெயர்ச் சேவையான ஈஎன்எஸ் 2021 நவம்பரில் கொடுத்ததை 2022 மே 4-க்குள் எடுக்காதவர்களுக்கு இல்லை. சீட் வார்த்தைகளைத் தூக்கிப் போடாதீர்கள், அவ்வளவுதான் நான் சொல்வது. அதற்குப் பராமரிப்புச் செலவு எதுவுமில்லை.

இதுவரை சொன்னது எல்லாம் சாவி நம் கையில் இருக்கும் மிச்சத்துக்கு. எக்ஸ்சேஞ்சில் விட்டு வைத்த மிச்சத்துக்கு இதில் எதுவும் பொருந்தாது.

நான் பயன்படுத்திய ஒரு எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒரு நாள் மின்னஞ்சல் வந்தது: இன்ன காயினைப் பட்டியலிலிருந்து நீக்குகிறோம், இன்ன தேதிக்குள் எடுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருந்ததோ குறைந்தபட்ச வித்டிரா அளவில் பாதிகூட இல்லை. எடுக்க வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் வாங்கிச் சேர்க்க வேண்டும். அந்தக் காயினில் வாங்குவதை அவர்கள் ஏற்கெனவே நிறுத்தியிருந்தார்கள். வாடிக்கையாளர் சேவையில் பேசிய பெண், “சார், பாலிசி அப்படிதான் சார்” என்பதைத் தாண்டி எதுவும் சொல்லவில்லை. சின்னத் தொகைதான், போகட்டும். ஆனால் ஒரு எக்ஸ்சேஞ்சில் நமக்கு இருக்கும் இருப்பு, அவர்கள் கணினியில் நம் பெயருக்கு எதிரே எழுதிய ஒரு எண் மட்டுமே. 2018-19இல் ரிசர்வ் வங்கி நெருக்கடியில் இந்திய எக்ஸ்சேஞ்சுகள் சில அடுத்தடுத்துக் கடையைக் கட்டியபோதும் இதே கதைதான்: பெரிய தொகை வைத்திருந்தவர்கள் ஓடிப்போய் எடுத்தார்கள், சில்லறை அங்கேயே நின்றுவிட்டது.

2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சில் 23 கோடி டாலருக்கு மேல் களவு போய், ஓராண்டுக்கு மேல் யாரும் காயினை எடுக்க முடியாமல் போனது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்கு அங்கே கணக்கு இல்லை. அந்த விவகாரத்தில் நமக்குப் பயன்படும் ஒன்று சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து வந்தது. எக்ஸ்ஆர்பி வைத்திருந்த ஒரு முதலீட்டாளர் தொடுத்த மனுவில், கிரிப்டோ ஒருவகைச் சொத்து, அதை வைத்திருக்கவும் நம்பி ஒப்படைக்கவும் முடியும் என்று 2025 அக்டோபரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார். நல்ல தீர்ப்பு. ஆனால் முந்நூறு ரூபாய் மிச்சத்துக்கு யார் வழக்குப் போடுவார்கள்? ஆகவே எக்ஸ்சேஞ்சில் எதையும் சொட்டு விடாமல் வழித்து எடுத்துவிடுவதுதான் என் வழக்கம். குறைந்தபட்ச அளவுக்குக் கீழே விழுவதற்கு முன்பே, அதாவது கடைசி விற்பனைக்கு முன்பே, மொத்தத்தையும் விற்பதா மொத்தத்தையும் வெளியே அனுப்புவதா என்று முடிவுசெய்துவிட வேண்டும்.

சில எக்ஸ்சேஞ்சுகள் மிச்சங்களையெல்லாம் ஒரே சொடுக்கில் ஒரு காயினாக மாற்றித் தருகின்றன. பைனான்ஸ் எக்ஸ்சேஞ்சில் அதன் சொந்தக் காயினான பிஎன்பியாக மாறும். வசதிதான், ஆனால் நம் ஊர் வருமான வரி இதில் குறுக்கே வந்து நிற்கும். 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும். வாங்கிய விலையைத் தவிர வேறு எதையும் கழிக்க முடியாது. ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் ஈடுகட்டவும் முடியாது. ஒரு காயினைக் கொடுத்து இன்னொரு காயின் வாங்குவதும் விற்பனையாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். அதே ஆண்டு ஜூலையிலிருந்து ஒரு சதவீத டிடிஎஸ் வேறு. ஆக அந்த ஒரே சொடுக்கில் பதினைந்து மிச்சங்களை மாற்றினால், ஐடிஆர் படிவத்தின் விடிஏ (கிரிப்டோ போன்ற மெய்நிகர் சொத்து) அட்டவணையில் பதினைந்து வரிசை. ஒவ்வொன்றுக்கும் வாங்கிய தேதி, வாங்கிய விலை, மாற்றிய தேதி. எங்கள் ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்: “ஏன் தம்பி, இருநூறு ரூபாய்க்கா இவ்வளவும்?” மாற்றுவதானால் அன்றே அந்த அறிக்கையைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் மாதத்தில் தேடினால் கிடைக்காது.

மிச்சம் லட்சமாகும் என்று காத்திருப்பவர்கள் சொல்லும் உதாரணம் எப்போதும் டோஜ்காயின். 2020 தொடக்கத்தில் ஒரு சென்ட்டில் நான்கில் ஒரு பங்குகூட இல்லாதது, 2021 மே மாதத்தில் எழுபது சென்ட்டைத் தொட்டது. உண்மைதான். ஆனால் அதே ஆட்கள் 2022 மே மாதத்தில் விலை சரிந்து விழுந்த லூனா காயினையும் அதே நம்பிக்கையோடு வைத்திருக்கிறார்கள், ‘பழைய விலை வந்தால் போதும்’ என்று. விழுந்த சில நாட்களில் லூனாவின் எண்ணிக்கை சில பத்துக் கோடிகளிலிருந்து ஆறரை லட்சம் கோடிக்குப் போய்விட்டது. பழைய 80 டாலர் விலை திரும்ப வர வேண்டுமானால் அதன் மொத்த மதிப்பு 520 லட்சம் கோடி டாலராக வேண்டும். உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து ஓராண்டில் உற்பத்தி செய்வதே நூறு லட்சம் கோடி டாலர் சொச்சம்தான். ஒரு மிச்சத்தை வைத்திருப்பதா என்று யோசிக்கும்போது விலையைப் பார்க்காதீர்கள், மொத்த எண்ணிக்கையைப் பாருங்கள்.

காயினே பெயர் மாறி ஓடிவிடுவதும் உண்டு. 2018 ஜூன் தொடக்கத்தில் இஓஎஸ் தன் சொந்த நெட்வொர்க்குக்குப் போனபோது, ஈத்தீரியத்தில் இருந்த பழைய டோக்கன்கள் உறைந்துபோயின. 2024 செப்டம்பரில் மேட்டிக், பிஓஎல் ஆனது. ஈத்தீரியத்தில் பழைய மேட்டிக்காக வைத்திருப்பவர்கள் தாங்களே மாற்றிக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை பட்டியலை எடுத்து, எது உயிரோடு இருக்கிறது என்று பார்த்துவிடுவேன். பொதுவாக ஐடிஆர் வேலை முடிந்த கையோடு.

கடைசியாக, நாம் வைக்காத மிச்சம். திடீரென்று உங்கள் முகவரியில் முன்பின் தெரியாத ஒரு டோக்கனோ, சில சடோஷியோ வந்து உட்கார்ந்திருந்தால் சந்தோஷப்பட எதுவுமில்லை. 2019 ஆகஸ்டில் லைட்காயின் முகவரிகள் ஏராளமானவற்றுக்கு இப்படித் துளித்துளியாக யாரோ அனுப்பினார்கள். நாம் அதைச் செலவழித்தால் நம் மற்ற முகவரிகள் எவை என்று கண்டுபிடிக்க இது ஒரு வழி. டோக்கனின் பெயரிலேயே ஓர் இணையதள முகவரி இருக்கும், போய்ப் பெற்றுக்கொள் என்று அழைக்கும். போனால் வாலட்டைத் துடைத்துவிடும். இன்னொரு வகை இன்னும் மோசம்: நீங்கள் அடிக்கடி அனுப்பும் முகவரியின் முதல் நான்கைந்து எழுத்தும் கடைசி நான்கைந்து எழுத்தும் அப்படியே இருக்கும் போலி முகவரியிலிருந்து ஒரு துளி வந்து, உங்கள் பரிவர்த்தனை வரலாற்றில் மேலே உட்கார்ந்துகொள்ளும். அடுத்த முறை வரலாற்றிலிருந்து முகவரியை நகலெடுத்தால் தொலைந்தீர்கள். 2024 மே மாதத்தில் ஒருவர் இப்படி 1,155 ரேப்டு பிட்காயினை (ஈத்தீரியத்தில் பிட்காயின் மதிப்பைத் தாங்கும் டோக்கன்), 6.8 கோடி டாலர் அளவில், தவறான முகவரிக்கு அனுப்பினார். பேச்சுவார்த்தை நடத்தித் திரும்ப வாங்கினார்கள், அது அவர் அதிர்ஷ்டம். வந்ததைத் தொடாதீர்கள், வாலட்டில் மறைக்கும் வசதி இருக்கிறது, மறைத்துவிடுங்கள். பிட்காயின் வாலட்டானால் அந்தத் துண்டை மட்டும் செலவழிக்காமல் முடக்கி வைக்கும் வசதி ஸ்பாரோ போன்றவற்றில் உண்டு. முகவரியை எப்போதும் நீங்களே சேமித்து வைத்த பட்டியலிலிருந்து எடுங்கள், நடுவில் உள்ள எழுத்துகளையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.